எஸ்தரின் பெயருக்குப் பின்னால் ஏன் ஒன்றுமில்லை

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுமில்லை. தாராபுரம் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டைப்பெட்டியின் மேல் சைஸும் கலரும்தான். கவிதைப் புத்தகம் பற்றிய ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைக்கில் பேசத் தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன்.

போன மாதம் எங்கள் பனியன் கம்பெனி எஸ்தரின் கவிதைப் புத்தகம் வெளியானது. சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, அட்டையில் வெறும் எஸ்தர் என்று மட்டும் இருக்கிறதே, இனிஷியல்கூட இல்லையே, ஏன் என்று கேட்டாள். எஸ்தர் மேடையிலிருந்து கையை நீட்டினாள்.

"அதுக்குப் பதில் கடைசி வரிசைல இருக்கு. முந்தானைய வச்சி மூஞ்சிய மறைக்காவ பாருங்க, ருக்மணியக்கா. அவுககிட்ட கேளுங்க."

மைக் என் கைக்கு வந்தது. "நல்லாருக்குதுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஹாலே சிரித்தது. வெளியே வந்தபோது இப்போது லேபிள் பிரிவில் இருக்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பேசாவிட்டால் போகிறது, எழுதிக் கொடுங்கள், கம்பெனி ஆண்டு மலரில் போடலாம் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி திருப்பூர் நல்லூருக்கு வந்தவள் நான். வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனி. முதலில் பிசிர் வெட்டினேன், அப்புறம் கைமடித்தேன், அப்புறம் லேபிள் பிரிவுக்கு அனுப்பினார்கள். வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். முட்டி வலி வந்து விலகும் வரை அந்தப் பிரிவில்தான் இருந்தேன்.

லேபிள் என்றால் கழுத்தில் தைக்கும் சிறு துணி என்று வெளியில் நினைப்பார்கள். இப்போது பாதிக்கு மேல் துணியே கிடையாது. உள்கழுத்தில் நேரடியாக அச்சடித்துவிடுகிறோம். வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், என்ன அச்சடிக்க வேண்டும் என்று படம் அனுப்புவார்கள். அச்சுப் பட்டறையில் அதை ஒரு துண்டுத் துணியில் அடித்து மாதிரி தருவார்கள். அதை நான் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பேன், சாயம் ஒட்டுகிறதா என்று. இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பேன், எழுத்து வெடிக்கிறதா என்று. துவைத்து, காயவைத்து, மறுபடி இழுப்பேன். மோந்தும் பார்ப்பேன். சில மையில் மண்ணெண்ணெய் வாடை போகாது. எல்லாம் சரியென்றால் மாதிரியை ஒரு அட்டையில் ஒட்டி நான் கையெழுத்துப் போடுவேன். எனக்குக் கீழே மேனேஜர் போடுவார். இரண்டு கையெழுத்தும் உள்ள அட்டையை பாலிதீன் உறையில் போட்டு அச்சு மேசைக்கு மேலே தொங்கவிட வேண்டும். அட்டை தொங்காமல் ஒரு பீஸ்கூட அச்சாகக்கூடாது.

எங்கள் மேனேஜர் நடராஜன் சார் எந்த லேபிளையும் சொல்லாகப் படிக்க மாட்டார். ஸ்டீல் ஸ்கேலை வைத்து மூடிக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பின்னோக்கிப் போவார். சொல்லாகப் படித்தால் கண் தானாகவே தப்பைத் திருத்திக்கொண்டு படிக்கும், எழுத்தாகப் பார்த்தால் திருத்தாது என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தப்பு விட்டிருந்தால் அந்த மாதிரித் துணியை அவர்கள் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவ்வளவுதான் திட்டு. ஆனால் அந்தக் கவிழ்ந்த துணியைப் பார்த்து அழுத பெண்கள் உண்டு. பையர் அனுப்பியதை எங்கள் பக்கம் யாரும் ஒரு புள்ளி மாற்றக்கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி.

எஸ்தர் விஷயத்துக்கு வருமுன் இன்னொன்று சொல்ல வேண்டும்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்தபோது பெயருக்கு இரண்டு கட்டம் இருந்தது. இரண்டும் நிரம்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. நம் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு எழுத்து. அதனால் ஆபீஸில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கல்யாணமாகாத பெண்களுக்கு இரண்டாம் கட்டத்தில் அப்பா பெயர், ஆனவர்களுக்கு வீட்டுக்காரர் பெயர். நான் ருக்மணி வேலுச்சாமி ஆனேன். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை, சம்பளம் வந்தால் போதும்.

ஒரு முறை வெளிநாட்டிலிருந்து ஆடிட் செய்ய ஒருவர் வந்தார். தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது வழக்கம். என்னைக் கூப்பிட அவர்கள் ஊர் முறைப்படி இரண்டாவது பெயரைச் சொல்லி, வேலுச்சாமியை வரச்சொல்லுங்கள் என்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் பிரிவில் இருந்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எதிரே உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளைக்காரர் கையிலிருந்த கேள்விகள் பெண்களுக்கானவை. ஆளைப் பார்த்துக் குழம்பினாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். பிரசவ விடுப்பு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கூட இருந்தவர் தமிழில் சொல்ல, இவர் பவ்யமாக, "நல்லா குடுக்கறாங்க" என்றாராம். அப்புறம் வெகுநாள் கேன்டீனில் அவரைப் பார்த்தால், "ஏனுங்க, கொழந்தை சௌக்கியமுங்களா?" என்பார்கள்.

அன்று நாங்கள் சிரித்ததோடு சரி. எங்கள் வேலைக்கும் பேச்சுக்கும் பதில் சொல்ல வேறு யாரோ எழுந்து போய்விடக்கூடும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

எஸ்தர், தைத்த துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் பிரிவு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் செல்வராஜோடும் சின்ன மகளோடும் திருப்பூர் வந்தவள். செல்வராஜ் காதர்பேட்டையில் பனியன் மூட்டை கட்டும் வேலை. எஸ்தர் சைஸ் ஸ்டிக்கர் தாளின் ஓரத்தில், டீ கப்பில், எதில் இடம் கிடைத்தாலும் இரண்டு வரி எழுதுவாள். எழுத நேரமிருக்கிறவளுக்கு ஓவர்டைம் பார்க்க நேரமில்லையா என்று செல்வராஜ் கேட்பானாம். பிறகு அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். மகளை இவள்தான் படிக்க வைத்தாள். அவன் போனதைப் பற்றி அவள் அழுது நான் பார்க்கவில்லை. கம்பெனிக் கணக்கில் மட்டும் எஸ்தர் செல்வராஜ் என்றே இருந்தது. அதை மாற்ற யார் ஆபீஸ் ஆபீஸாக அலைவது?

ஒரு மகளிர் தினத்தில் அவள் நான்கு வரி வாசித்தாள்.

ஓட்டை தேடி
வெளிச்சத்தில் துணியைப் பிடிக்கிறேன்.
ஓட்டை இல்லாத நாளில்
வெளியே பார்க்க முடிவதில்லை.

வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பையர்களோடு பேசும் வேலையில் இருந்த தீபிகா அதை ஆங்கிலத்தில் மாற்றி, கம்பெனிக் கணக்கில் இருந்த பெயரோடு ஒரு பையருக்கு அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்துப்போய், பெண்கள் டி-சர்ட் ஒன்றின் உள்கழுத்தில் அந்த நான்கு வரியையும் கீழே எழுதியவர் பெயரையும் அச்சடிக்கலாமா என்று கேட்டார்கள். எஸ்தர் சம்மதித்தாள். அவள் மகள் ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒன்று எனக்கு வேண்டும் என்று அம்மாவிடம் சைஸ்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

படம் வந்தது. மாதிரி அடித்து என் மேசைக்கு வந்தது. நான்கு வரியும் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். அதன் கீழே, பெரிய எழுத்தில், செல்வராஜ். அவ்வளவுதான். எஸ்தர் என்பது எங்கேயும் இல்லை.

எனக்கு ஆங்கிலம் பேச வராது, ஆனால் எழுத்துத் தெரியும். பட்டறையில் தப்பு விட்டுவிட்டார்கள் என்று பையர் அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது. தீபிகாவிடம் போனேன். அவள் சிரித்துக்கொண்டே, இது தப்பில்லை அக்கா, மரியாதை என்றாள். அங்கே கவிஞர் ஒருவர் பேர் வாங்கிவிட்டால் குடும்பப் பெயரை மட்டும்தான் சொல்வார்களாம். பாடப்புத்தகத்தில், பத்திரிகையில், பேச்சில், எல்லாவற்றிலும் அந்த ஒற்றைப் பெயர்தான். முன் பெயரைச் சொன்னால்தான் சின்னப்பிள்ளையைக் கூப்பிட்ட மாதிரி. நம் எஸ்தரைப் பெரிய கவிஞர்கள் வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்றாள். அவர்கள் ஊரில் அந்தப் பெயர் அப்பா பெயரும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை, தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கே உள்ள பெயர். அந்தப் பெயர்களில் பாதி தாத்தனுக்குத் தாத்தன் செய்த தொழிலின் பெயர் என்றும் சொன்னாள். கொல்லர், தையல்காரர், மாவரைக்கிறவர் என்று. பேரன் வேறு வேலைக்குப் போனாலும் பெயர் அப்படியே நிற்குமாம்.

மதியச் சாப்பாட்டில் இதுதான் பேச்சு. நம் ஊரிலும் அதுதானே என்றாள் ஒருத்தி. எல்லோர் போனிலும் பார்க்கும் வேலையைச் சேர்த்து ஓவர்லாக் முருகன், கட்டிங் மணி, பவர்டேபிள் செல்வி என்றுதானே இருக்கிறது. அப்படியானால் எஸ்தருக்குச் செக்கிங் என்று போட்டுவிடலாம் என்றார்கள். எஸ்தரும் சிரித்தாள். "நாளைக்கு என்னைய பேக்கிங்குக்கு மாத்துனா, சட்டைய எல்லாம் திருப்பி வாங்கிட்டு வருவியளா?" என்றாள். இன்னொருத்தி எழுந்து நின்று, "கவிஞர் செல்வராஜ் அவர்களுக்கு இந்தப் பொன்னாடையை" என்று டிபன் பாக்ஸ் துண்டை நீட்டினாள். அதற்கும் எஸ்தர் சிரித்தாள். ஆனால் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

காதர்பேட்டைக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது. மறுநாளே செல்வராஜ் கம்பெனி கேட்டில் வந்து நின்றான். புதுச் சட்டை, கையில் மிக்சர் பொட்டலம். வாட்ச்மேனுக்கும் கொடுத்து, தன் பெயர் வெளிநாடு போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். கெட்ட எண்ணத்தோடு வந்தான் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான். எஸ்தரைப் பார்த்ததும், "பாத்தியா, கடைசில எம்பேருதான் ஒனக்கு ஒதவுச்சி" என்றான். அவள் உள்ளே வந்தாள். நேராக என் மேசைக்கு வந்தாள்.

"யக்கா, எழுதாதன்னு சொன்ன ஆளு பேருல எழுதுனது போவுது. அதப் போடக்கூடாது. நீங்க போட விடக்கூடாது."

நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் உடனே வராது. ஆனால் அந்த அட்டையில் கையெழுத்துப் போடாமல் இழுப்பறையில் வைத்தேன்.

தீபிகா நல்ல பெண். பையருக்கு எழுதினாள். இரண்டாம் பெயராக வேறு ஏதாவது கொடுங்கள், மாற்றிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அவள் ஒவ்வொன்றாக எஸ்தரிடம் கேட்டாள். அப்பா பெயர் மாசிலாமணி, அதைப் போடலாமா? அப்பா நல்லவர்தான், ஆனால் அவர் ஒரு வரி எழுதவில்லையே என்றாள் எஸ்தர். ஊர்ப் பெயர்? ஊர் சோறு போடாமல்தானே இங்கே வந்தது என்றாள். எஸ்தர் எஸ்தர் என்று இரண்டு தடவை போட்டுவிட்டால் கட்டம் நிரம்பிவிடும், சிலர் அப்படிச் செய்கிறார்கள் என்றாள் தீபிகா. "ரெண்டு தடவ கூப்புடுதது காது கேக்காதவளைல்லா?" என்றாள் எஸ்தர். அப்புறம், "எனக்கு ஞானஸ்நானத்துல ஒரு பேரு வச்சாவ. அது ஒண்ணுதான் எனக்குன்னு வச்சது. அது போதும்" என்றாள். தீபிகா அதையும் எழுதினாள். ஒற்றைப் பெயர் எங்கள் முறையில் இல்லை என்று பதில் வந்தது.

இதற்குள் வெட்டிய துணி அச்சுக்குக் காத்திருந்தது. தையல் லைன் காத்திருந்தது. நடராஜன் சார் என் மேசைக்கு வந்து அட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்து இடம் காலியாக இருந்தது. ஸ்கேலை வைத்துக் கடைசி எழுத்திலிருந்து பார்த்தார். நான்கு வரியும் பெயரும் முடிய வெகுநேரம் ஆனது.

"எழுத்துச் சரியா இருக்குதுங்க அம்மிணி. அவங்க அனுப்புனது மாதிரியே இருக்குது. போட்டுருங்க."

"இல்லீங்க சார்."

"ஏனுங்க?"

"எழுத்துச் சரிங்க. சேதி பொய்ங்க."

அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் அடுத்த சீசன் அந்தப் பையர் வருவார்களா என்பது அவர் கவலை, அது தப்பான கவலையும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் அதில்தான் சோறு. ஆனாலும் எழுந்தேன். அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் கவிழ்த்து வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அப்படியே திரும்பியிருக்க வேண்டும், வாய் சும்மா இருக்கவில்லை.

"பாலியஸ்டர் கலந்ததுல பருத்தின்னு லேபிள் போடச்சொன்னா நாம போடுவமுங்களா? யாரு சொன்னாலும் போட மாட்டோமுங்க. இது செல்வராஜ் எழுதுனதில்லீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க. நீங்க வேற ஆளை வெச்சுப் போட்டுக்கலாமுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. அவர் அட்டையைத் திருப்பவில்லை. டீக்குப் போகவும் இல்லை. தீபிகாவைக் கூப்பிட்டுப் பையரிடம் வீடியோவில் பேச ஏற்பாடு செய்யச் சொன்னார்.

மதியம் பேசினார்கள். எஸ்தரையும் என்னையும் கூட உட்கார வைத்தார். திரையில் நரைத்த முடியோடு ஒரு அம்மா. மரியாதையாகத்தான் பேசினார். தங்கள் நாட்டில் பெரிய கவிஞர்களுக்குச் செய்வதைத்தான் இவருக்கும் செய்கிறோம், இதில் அவமரியாதை ஒன்றுமில்லையே என்றார். தீபிகா தமிழில் சொல்ல, எஸ்தர் திரையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அவுக ஊருல அது மரியாதைதான், நம்புதேன். இங்க அந்தப் பேரு போட்டா, அவரு எழுதுனாரு, நான் இல்லன்னு அர்த்தம். எம்மவ அந்தச் சட்டையப் போட்டா, அவ கழுத்துல யாரு பேரு இருக்கும்?"

தீபிகா இதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். அந்த அம்மா நடராஜன் சாரைப் பார்த்து, கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டார். சார் ஆங்கிலம் அதிகம் பேச மாட்டார். தப்பான லேபிள் நாங்கள் போடுவதில்லை என்பதை நாலைந்து சொல்லில் சொன்னார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். தலைமை ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

சாயங்காலம் பதில் வந்தது. நடராஜன் சாரே செக்கிங் பிரிவுக்கு வந்து, எஸ்தர் மேசை ஓரத்தில் நின்று சொன்னார். முறையை மாற்ற முடியாதாம். குடும்பப் பெயர் போடலாம், இல்லாவிட்டால் பெயரே இல்லாமல், பெயர் வெளியிட விரும்பாத தொழிலாளி என்று போடலாம். இரண்டில் எது என்று எஸ்தரே சொல்லட்டும், எதைச் சொன்னாலும் கம்பெனி அதன்படி எழுதும் என்றார்.

பக்கத்து மேசைப் பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். பெயர் இல்லாமலாவது போகட்டும், வரி உலகம் முழுக்கப் போகுமே என்று நானே நினைத்தேன். மகள் ஹாஸ்டலில் என்ன சொல்வாள் என்றும் நினைத்தேன். எஸ்தர் கையிலிருந்த டி-சர்ட்டை மடித்து வைத்தாள்.

"விரும்பாத தொழிலாளியா? நான் விரும்புதேனே சார். வேண்டாம். எம் வரிய எனக்கே குடுத்துரச் சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றீங்களா கண்ணு?" என்றார் சார்.

"யோசிச்சிட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று இரவே பையருக்கு எழுதிவிட்டதாகத் தீபிகா சொன்னாள். எஸ்தர் மகளுக்குப் போன் செய்தபோது நான் கூட இருந்தேன். அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எஸ்தர், "இல்ல மவளே, அழாத, எழுதுனது எங்கிட்டதான் இருக்கு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

மறுநாள் காலை உள்கழுத்தில் சைஸும் துவைக்கும் முறையும் மட்டும் அச்சடித்த மாதிரி வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், சாரும் போட்டார். மாலையில் முதல் கட்டு செக்கிங்குக்குப் போனது. எஸ்தர்தான் பார்த்தாள். எண்ணெய்க் கறை என்று ஒன்றை ஒதுக்கினாள், மற்றதெல்லாம் பாஸ்.